சலாமுக்கு மேலொரு சலாம்

“…அந்த மனுசன் தூங்கறதே இல்லீங்க அம்மணி. சத்தியமாச் சொல்றனுங்க. ஈரோட்டுல மஞ்சமண்டிய வெச்சுக்கிட்டு, யேவாரத்தப் பாக்காம, எனக்குப் பதில் வணக்கம் எழுதறதே பொழப்புன்னு ஒக்காந்திருக்காருங்க. நா ஒரு வரி போட்டா அவரு ரெண்டு வரி போடறாரு. சரி, பெரிய மனுசன், மொறை தெரிஞ்சவருன்னு நா மூணு வரி போட்டா, நாலாத் திரும்பி வருதுங்க. இப்புடியே போனா இது எங்க போயி நிக்கறது? நீங்களே சொல்லுங்க. இருங்க இருங்க, நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். மொதல்ல ஃபேனுக்கு அடியில நகந்து ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க.”

கயல்விழி நகர்ந்து உட்கார்ந்தாள். சொல்ல எடுத்த சொல் உதட்டோடு நின்றது.

காந்திபுரம் பேருந்து நிலையத்தை அடுத்த சந்தில், ஒரு லாட்ஜுக்கும் ஒரு துணிக்கடைக்கும் நடுவே இருந்தது அப்துல் கையூம் பாயின் கல்யாணப் பத்திரிகைக் கடை. எழுத்துக் கோக்க வாங்கிய கணினியைக் கொண்டு அவர் இன்னொரு தொண்டும் செய்துவந்தார். கடல் கடந்து போன தமிழர்கள் பழைய பக்திப் பாடல்களுக்குப் பொருள் கேட்டும் சொல்லியும் கணினி வழியே எழுதிக்கொள்ளும் கடிதக் குழு ஒன்று இருந்தது. ஒருவர் எழுதினால் அனைவருக்கும் போய்ச் சேரும். இன்டர்நெட் என்ற சொல் கடைப்பலகைகளில் ஏறியிராத காலம் அது. அந்த வலை கல்லூரிகளுக்கு மட்டுமே வாய்த்திருந்தது. கயல்விழி வேலை பார்த்த கல்லூரியின் கணினியை நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி வழியே தொட்டு, வந்த கடிதங்களை இழுத்து, மோடம் வைத்திருந்த உள்ளூர் ஆர்வலர்களின் சிறு வலைக்குள் சேர்ப்பிப்பார் கையூம் பாய். ஊரார் எழுதுவதை அதே வழியில் வெளியே அனுப்புவார். ஈரோட்டு வட்டாரத்துக்கு இதே பணியைச் செய்தவர் மஞ்சள்மண்டி தம்பிதுரை.

இருவருக்கும் அந்த இணைப்பை மேலிடத்தைக் கேளாமல் கொடுத்தவள் கயல்விழி. ஆகவே துறைத்தலைவர் அவளையே அனுப்பியிருந்தார். அவள் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. ‘பாய், உங்கள் கணினி தானாக அனுப்பும் வணக்கங்களை நிறுத்துங்கள், இன்று ஐந்து மணிக்கு அந்த வெள்ளம் மறுபடி வந்து எங்கள் கணினியை நிரப்பினால், கோவைக்கும் ஈரோட்டுக்கும் இனிக் கடிதமே கிடையாது.’ அஸர் என்னும் பிற்பகல் தொழுகையை முடித்து வந்து, அந்தக் கடிதங்களை அச்செடுத்து, கடைக்கு வருவோரை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுவதுதான் கையூம் பாய்க்கு நாளின் சுவை என்பதை அவள் அறிவாள். அதனாலேயே அந்தச் செய்தி அவள் நாவில் கனத்தது. நாலரை மணி ஆகியிருந்தது.

“இது எப்புடி ஆரம்பிச்சுதுன்னு சொன்னாத்தான் உங்களுக்கு நாயம் புரியும். நம்ம குழுவுல எழுதறவங்க எல்லாம் நல்ல ஊட்டுப் புள்ளைக. அமெரிக்காவுல இருந்தாலும் மொதல் வரில ‘அனைவருக்கும் வணக்கம்’னு போட்டுத்தான் எழுதறாங்க. துபாய்க்காரங்க சலாம் போடறாங்க. பாதிரியார் ஒருத்தரு இருக்காரு, ஸ்தோத்திரம்னு தொடங்குவாரு. எங்கள்ல மொறை என்னன்னா, ஒருத்தர் சலாம் சொன்னா அதுக்குச் சமமாவாச்சும் பதில் சொல்லோணும், முடிஞ்சா அதவிட ஒரு படி அழகாச் சொல்லோணும். சும்மா தலைய ஆட்டிப்போட்டுக் கடுதாசிய மட்டும் எடுத்துப் படிச்சா, அது விருந்துக்குப் போயி ஊட்டுக்காரரப் பாக்காம எலைல ஒக்கார்ற மாதிரிங்க.

“ஆனா நா ஒருத்தன் எத்தனைக்குன்னு தட்டறது? முகூர்த்த மாசம் வேற. தண்ணி குடிக்க நேரமில்லீங்க. இப்பத்தான், சூலூர்ப் பக்கம் ஒருத்தரு, மாப்ள ஊட்டுக்காரரு வந்தாரு. பத்திரிகைல பங்காளிக பேரெல்லாம் போடோணும்னாரு. போட்டேன். மாமன் மச்சான் பேரு வேணும்னாரு. போட்டேன். பத்திரிகைய விரிச்சா வேட்டியாட்ட இருக்குது. அதுலயும் ஒரு சித்தப்பா பேரு உட்டுப்போச்சுன்னு மறுக்கா அச்சடிச்சோம். எதுக்குச் சொல்றேன்னா, ஒரு பேரு உட்டுப்போனா ஒரு சொந்தமே போயிருதுங்க. அப்புடி இருக்கறப்போ வந்த வணக்கத்துக்குப் பதில் சொல்லாம உடலாமுங்களா?

“அதனால என்ற மருமகன் சஹீர்கிட்டச் சொன்னேன். போத்தனூர்ல இருக்கானே, கம்ப்யூட்டர் படிச்சவன். ‘மாமா, கவலைய உடுங்க’ன்னு ஒரு புரோக்ராம் எழுதிக் குடுத்தான். வார கடுதாசில மொதல் வரி வணக்கமோ சலாமோ ஸ்தோத்திரமோ இருந்தா, மிஷினே அதவிட ஒரு வார்த்தை கூட்டிப் பதில் போட்டுரும். வார்த்தைக்கு இங்க பஞ்சமா? அன்புடையீர், பண்புசால் பெரியீர், மாட்சிமை தங்கிய, இல்லறம் செழிக்க, சுற்றமும் நட்பும் சூழன்னு இந்தக் கடைல கெடக்காத அடைமொழியா? எல்லாத்தையும் ஒட்டுக்கா மிஷினுக்கு ஊட்டிப்போட்டேன். பொறவுதான் இந்த ஈரோட்டாரு வந்து சேந்தாரு. மிஷினு அவருக்கு ஒரு வணக்கம் போட்டுதுங்க. மறுநாளே, அதவிட அழகா ஒண்ணு வந்துச்சு. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? அடடா, நம்மளாட்ட ஒருத்தன் இருக்கான்யான்னு ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன்.

“இப்ப? நேத்து அவரு அனுப்புன வணக்கம் ரெண்டு பக்கம். நா அனுப்புனது அதுக்கு மேல. என்ற அடைமொழியெல்லாந் தீந்துபோயி, மிஷினு கையில கெடச்சதச் சேக்குது. ‘மொய் அன்புடன் தவிர்க்கவும்’னு போட்டு அனுப்பியிருக்குதுங்க. அதுக்கு அவரு என்ன பதில் போட்டாரு தெரியுங்களா? ‘தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.’ ”

அவர் மூச்சு வாங்கினார். கயல்விழி வாய் திறந்தாள்.

“டீ சொல்ல மறந்தேபோனேன் பாருங்க. ஏனுங் கனகம், ரெண்டு டீ. ஒண்ணு சக்கரை கம்மி,” என்று எதிர்க்கடைக்காரிக்குக் குரல் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலேயே பிடித்தார். “நன்றிங்கறாரு. அதுக்கு நா எங்க போறது?”

துடியலூரில் கயல்விழியை வளர்த்த வீட்டில், ஒருவர் பேசி முடிக்குமுன் பேசுவது அடுத்தவர் தட்டில் கை வைப்பதற்குச் சமம். அந்த வளர்ப்பு நல்ல வளர்ப்புதான். ஆனால் பேசி முடிக்காத ஒருவரிடம் அது எப்படிச் செல்லும் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

“அந்தாதி பாடறவங்களுக்குத் தெரியுமுங்க இது. ஒரு பாட்டு எங்க முடியுதோ அங்க அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டு போயி மொதப் பாட்ட முட்டும். அது சாமிக்குப் பாடறது, முடியாம இருந்தா புண்ணியம். இது மனுசனுக்கு மனுசன் பாடறது, முடியாம இருந்தா என்னங்க செய்யறது? குழுவுல யாரோ ஒரு புள்ள ஒரு வார்த்தைக்கு அருத்தங் கேட்டு எழுதுனா, அந்தக் கடுதாசிக்குன்னு ஒரு வணக்கம் பொறக்குது. பொறந்தது சாகறதே இல்ல. எனக்கும் ஈரோட்டுக்கும் நடுவுல நடந்துட்டே இருக்குது. அடுத்த கடுதாசிக்கு இன்னொண்ணு பொறக்குது. குழுவுல இருக்கறவங்க எல்லாத்துக்கும் அது போயிச் சேருது. பாட்டுக்கு அருத்தம் எழுதுன கடுதாசியத் தேடி எடுக்கறது, வைக்கப்போர்ல ஊசி தேடறதாட்ட ஆயிப்போச்சு.

“அந்தப் புள்ளைகளே எழுதிட்டாங்க, ‘ஐயா, தயவுசெய்து இந்த வணக்கங்களை நிறுத்துங்கள்’னு. நாயந்தானுங்க. ஆனா அதையும் ‘வணக்கம்’னுதான் தொடங்கியிருக்காங்க. மொறை தெரிஞ்ச புள்ளைக. அதுக்கும் மிஷினு பதில் போட்டுருச்சு. அந்தப் பதிலுக்கு ஈரோட்டாரு பதில். பாதிரியார் கோவிச்சுக்கிட்டு ஒண்ணு எழுதுனாரு, ஸ்தோத்திரம்னு தொடங்கி. சொல்லோணுமா?

“அவங்க எல்லாம் ஈரோட்டாரத்தான் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா அவருக்குத் தெரியோணுமே. நாஞ் சொல்லலாமுங்க, போன் போட்டு. போட்டேன் அம்மணி. எடுத்தது அவரில்ல. கீஈஈன்னு ஒரு சத்தம், அப்பறம் கொரகொரன்னு ஒரு சத்தம். அவரு மோடத்த லைன்லயே மாட்டி வெச்சிருக்காரு. நம்முளுதும் அப்புடித்தான், அது வேற விசயம். என்ற ஊட்டுக்காரி உம்மல் குல்சும் இருக்காளே, அவ தங்கச்சி இங்க போன் பண்ணிட்டு, ‘மச்சான் கடைல பேய் கத்துது’ன்னு தாயத்துக் கட்டச் சொன்னாளாம். போன வாரம் ஒருத்தரு பத்திரிகை குடுக்க வந்தவரு, நா கடுதாசியப் படிக்கறதப் பாத்துட்டு நின்னாரு. தமிழ்ப் பாட்ட இங்கிலீசு எழுத்துல அடிச்சு அனுப்பறாங்கல்லங்க, வாய்விட்டு மெதுவாப் படிச்சாத்தான் எனக்குப் புரியும். அவரு பையன முன்னாடி தள்ளி, ‘இவனுக்கும் கொஞ்சம் ஓதிவுடுங்க பாய், ராத்திரில பயந்துக்கறான்’னாரு. பாட்டையே ஓதிவுட்டேன். நல்ல பாட்டுத்தானே.

“மிஷின நிறுத்தினா என்னன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க. கேக்க மாட்டீங்க, தெரியும், நீங்க நல்ல அம்மணி. என்னால முடியாதுங்க. அங்க ஒருத்தரு கைப்பட அடிச்சு அனுப்பறாரு. ஒவ்வொண்ணா, ராவெல்லாம் முழிச்சு. இங்க நானு மிஷின வெச்சுப் பதில் சொல்லிக்கிட்டுத் திண்டுல சாஞ்சு கெடக்கறேன். இது அவருக்குத் தெரிஞ்சா என்ற மானம் என்னாகும்? சரி, தெரியாமயே நிறுத்திப்போட்டேன்னு வெச்சுக்கங்க. நாளைக்கு அவரு கடுதாசியத் தொறந்து பாப்பாரு. பாய்கிட்ட இருந்து பதில் இல்ல. நம்ம எதுல தப்புப் பண்ணுனோம், எந்த வார்த்தைல அவரு மனசு கோணிச்சுன்னு யோசிப்பாரு. வேண்டாமுங்க. கடைசி சலாம் அவருதா இருந்து நா பதில் சொல்லாம உட்டா, நாளைக்கு மறுமைல எனக்கு அது கேள்வி. நா நிறுத்தமாட்டனுங்க. அவருக்கு நல்லபடியா யாராச்சும் சொல்லோணும்.”

கயல்விழி தன் கையிலிருந்த தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்ற வாரம் தம்பிதுரை கல்லூரிக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டியும் மஞ்சள் வாடையுமாக அவள் மேசைக்கு எதிரே அமர்ந்து, ‘கோயமுத்தூர்ப் பாய் தூங்கறதே இல்லீங்களா அம்மணி’ என்று தொடங்கியவர், கல்லூரி மணி அடிக்கும்வரை ஓயவில்லை. தம் மகள் ஃபார்முலாவோ புரோக்ராமோ ஏதோ எழுதித் தந்திருக்கிறாள் என்றும், கைப்பட எழுதுகிற பெரியவருக்கு மிஷினை வைத்துப் பதில் சொல்வது தமக்கு உறுத்தலாக இருக்கிறது என்றும், ஆனால் நிறுத்தினால் பாய் மனம் வருந்துவாரே என்றும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவரிடமும் அவளால் குறுக்கே பேச முடியவில்லை. போகும்போது, ‘அவசரம்னா மண்டி நம்பருக்குக் கூப்புடுங்க. அந்த லைன்ல பேய் கத்தாது’ என்று எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தூங்காத மனிதர் இருவரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்க, இரண்டு கணினிகள் ஒன்றையொன்று வணங்கிக்கொண்டிருந்தன.

தான் சுமந்து வந்த செய்தியை இப்போது சொன்னாலும் பயனில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கல்லூரி இணைப்பை வெட்டிவிடும் என்று அச்சுறுத்தினால், ‘வெட்டட்டுமுங்க, நா பதில் சொல்லாம இருந்தேன்னு பேரு வரவேண்டாம்’ என்பார். கடிதங்கள் இல்லாத மாலைகளை ஏற்றுக்கொண்டு, அந்த அச்சு இயந்திரத்தின் முன் வெறுமனே அமர்ந்திருப்பார். ஐந்துக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. மோடத்தின் சிவப்பு விளக்கு, தொழுகைக்கு எழ இருப்பவரைப் போல ஆயத்தமாக மின்னிக்கொண்டிருந்தது.

“அதுக்கும் மேல, சஹீரு என்ன சொல்றான்னா…”

பேச்சைத்தானே குறுக்கே விடக்கூடாது. கைகளுக்கு அந்தத் தடை இல்லை. கயல்விழி எழுந்தாள். கணினிக்குப் பின்னால் கையை விட்டு, மோடத்திலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினாள். மாதிரிப் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த பழைய தொலைபேசியை வெளியே எடுத்துத் தூசி தட்டி, கம்பியை அதில் செருகினாள். ஈரோட்டு மண்டியின் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரைக் கையூம் பாயின் கையில் வைத்தாள்.

“…அவனுக்கென்ன, சின்னப் பையன்… இது என்னங்க அம்மணி? யாருக்கு? …ஹலோ. யாருங்க? …மஞ்சமண்டிங்களா? …தம்பிதுரைங்களாங்க? …நானுங்க, கோயமுத்தூர் கையூம். பத்திரிகைக் கடை. …வணக்கமுங்க. …வணக்கமுங்க வணக்கமுங்க. …ஐயோ, எந்திரிச்செல்லாம் நிக்காதீங்க, ஒக்காருங்க மொதல்ல. …நானுங்களா? நா நின்னுட்டுத்தான் பேசறனுங்க. …இல்லீங்க, நீங்க ஒக்காந்தாத்தான் நா ஒக்காருவேன். …சரிங்க, ரெண்டு பேருமே நிப்போம்.”

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. கணினி தன் கடமையை நினைத்து மோடத்தைத் தூண்டியது. கம்பியில்லாத மோடம் எதையும் கேளாமல் ஓய்ந்தது. கல்லூரியில் துறைத்தலைவர் மணிக்கட்டைப் பார்த்தபடி நிற்பார் என்று கயல்விழி நினைத்துக்கொண்டாள்.

“…தூங்கறதில்லையாவா? நானா? …அது… அல்லா குடுத்த தெம்புங்க. …நீங்க? …ஆமாங்க, எல்லாம் அவன் செயல்தானுங்க. நம்ம கையில என்ன இருக்குது. …அந்த ரெண்டு பக்க வணக்கம் இருக்குது பாருங்க, அத நா ஃபிரேம் போட்டு மாட்டலாம்னு இருக்கறனுங்க. …அதையா? ‘மொய் தவிர்க்கவும்’? …அது வந்துங்க, ஒரு பணிவுல வந்துருச்சு.”

அவர் குரலில் இருந்த எரிச்சலெல்லாம் எங்கோ கரைந்துபோயிருந்தது. ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

“தங்கமான மனுசனுங்க அம்மணி. கொரலக் கேட்டாலே தெரியுது. இந்த மனுசனுக்குப் போயி இத்தன நாளும் மிஷின வெச்சு வணக்கஞ் சொன்னேன் பாருங்க. அந்த சஹீரு எழுதுனத அழிச்சுருங்க. இப்பவே. போறதுக்குன்னு ஒண்ணு சேந்து நிக்குதே, அதையும் ஒட்டுக்கா. இனி என்ற வெரலுக்கு எத்தன முடியுதோ அத்தன தட்டறேன். பாக்கிய அல்லா மன்னிப்பான்.” கையை எடுத்தார். “…இல்லீங்க, கடைல ஒரு அம்மணி வந்திருக்குது. நொம்ப அமைதியான புள்ள. வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல.”

கயல்விழி விசைப்பலகையின் முன் அமர்ந்தாள். சஹீரின் நிரலை நீக்கினாள். புறப்படக் காத்திருந்த வணக்கங்கள் திரை நிறையப் பெருகி ஓடின. மாட்சிமை தங்கியவர்களும் பண்புசால் பெரியோரும் சுற்றமும் நட்பும் சூழ வரிசையாக வந்து, ஒரு விசைத் தட்டலில் இல்லாமல் ஆயினர். இரு கைகளும் சேர்ந்தால்தானே ஓசை, ஒன்று இறங்கிவிட்டது. இனி நாளை மாலை கடை அழைக்கும்போது, கடிதங்கள் கடிதங்களாகவே வந்துபோகும்.

“…வாரீங்களா? இங்கயா? நாளைக்கா? …வேண்டாமுங்க, இந்த வெயில்ல நீங்க எதுக்கு? நா வாரேன். …அது எப்புடிங்க, நீங்க பெரியவரு. …வயசு என்னுங்க வயசு, நா ஒரு வருசம் முன்ன பொறந்திருப்பேன், அவ்வளவுதான். …இல்லீங்க. …இல்லவே இல்லீங்க. …சரிங்க. சரி. உங்க வாக்க நா மீறமாட்டேன். நீங்களே வாங்க. பிரியாணி செஞ்சு வெக்கச் சொல்றேன். …ஓ, கறி சாப்புட மாட்டீங்களா, சரிங்க, நெய்ச்சோறு.”

மறுபடி உள்ளங்கை ரிசீவரைப் பொத்தியது.

“சரின்னு சொல்லிப்போட்டேன் அம்மணி. ஆனா அவர அலைய உட முடியுங்களா? காத்தால மொத பஸ்ஸுக்கே நா கெளம்பி அவரு மண்டி வாசல்ல போயி நின்னர்றேன். அசந்துபோவாரு. ஊட்ல நெய்ச்சோறெல்லாம் வேண்டாம்னு இப்பவே சொல்லிருவேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க.” அவர் ரிசீவரைக் காதில் வைத்துக் கூர்ந்து கேட்டார். “அங்கயும் யாருகிட்டயோ வாயப் பொத்திட்டுக் குசுகுசுன்னு பேசறாருங்க. வந்தவங்க யாரோ இருப்பாங்க போல. …ஆங், சொல்லுங்க, சொல்லுங்க. லைன்லதான் இருக்கறேன்.”

கயல்விழி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவர் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். கைகாட்டிக்கொண்டே ஈரோட்டாரிடம் மஞ்சள் விலை கேட்டார். அவள் கைகூப்பிவிட்டுப் படியிறங்கினாள்.

சந்தின் முனையில் அவளுக்கு அது தோன்றியது. நாளைக் காலையில் கோவையிலிருந்து கிழக்கே ஒரு பேருந்தும் ஈரோட்டிலிருந்து மேற்கே ஒரு பேருந்தும் பெருந்துறைக்கு அருகில் எங்கோ எதிரெதிரே கடக்கும். ஒன்றில் இனிப்புப் பெட்டியோடும் மற்றொன்றில் மஞ்சள் பொட்டலத்தோடும், சலவை மடிப்புக் கலையாத இருவர் ஜன்னலோரம் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் மண்டி வாசலிலும் மற்றவர் கடை வாசலிலும் போய் நின்று, பூட்டைப் பார்ப்பார்கள்.

சொல்லிவிடலாம் என்று திரும்பிக் கடைப்படி வரை வந்தாள்.

“…இல்லீங்க, நீங்க மொதல்ல வைங்க. …அதெப்புடி, நீங்க இருக்கறப்போ நா வெக்கறதா? …வைங்க. …வெச்சுட்டீங்களா? …இன்னும் வெக்கலீங்களா?”

சந்து முனையில் துடியலூர்ப் பேருந்து நகரத் தொடங்கிவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.